சாளரத்தின் உருவத்தை உள்ளிருக்கும் எழுத்து முடிவு செய்யட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஈரோட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மேசைக்கணினிகளுக்கு நிரல் எழுதுவதைத் தொழிலாகக் கொண்டவன் நான். மஞ்சள் மண்டி, நூல் கடை, அரிசி ஆலை ஆகியவற்றுக்குக் கணக்கு நிரல் எழுதித் தருவதுதான் பெரும்பாலும் என் வேலை. ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை கல்லூரிகளில் இறுதியாண்டு மாணவர்களின் செயல்திட்டங்களைப் பார்வையிடவும் அழைக்கிறார்கள். இரண்டு இடத்திலும் ஒரே பிழையைத் திரும்பத் திரும்பக் காண்கிறேன். நிரல் திரையில் திறக்கும் சாளரம் என்ன உருவத்தில் இருக்க வேண்டும், அதற்குள் பொத்தான்களும் பெட்டிகளும் எங்கெங்கே உட்கார வேண்டும் என்பதையெல்லாம், எழுதுகிறவர் தம் திரையைப் பார்த்தபடி எண்களாக நட்டு வைத்துவிடுகிறார். அந்தப் பெட்டிக்குள் வந்து அமரப்போகும் எழுத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று யாரும் கணக்கிடுவதில்லை. தமிழில் மென்பொருள் வேண்டும் என்று எல்லோரும் கேட்கிறோம். தமிழ் அடங்காத பெட்டியைக் கட்டி வைத்துக்கொண்டு அதைக் கேட்பதில் பயனில்லை. நிரலாக்கம் கற்பிக்கும் ஆசிரியர்களும், அலுவலகங்களுக்கு மென்பொருள் வாங்கும் பொறுப்பில் இருப்பவர்களும் இதைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

நானே செய்த தவறிலிருந்து தொடங்குவதுதான் முறை. ஒரு மஞ்சள் மண்டிக்கு நான் முதலில் எழுதிக் கொடுத்தது, மைக்ரோசாஃப்டின் பழைய நிரல்மொழியான விஷுவல் பேசிக் 6இல் எழுதிய நிரல். அதில் ஃபார்ம் என்னும் வெற்றுச் சாளரத்தின் மேல் ஒரு பொத்தானை இழுத்து வைத்தால், அதன் இடமும் அளவும் ட்விப் என்னும் அலகில் எண்களாகப் பதிந்துவிடும். ஓர் அங்குலத்துக்கு 1440 ட்விப். நான் வைத்த பொத்தான் ஒவ்வொன்றும் 1500 ட்விப் அகலம், அதாவது அன்றைய திரையில் 100 பிக்சல் (திரைப்புள்ளி). ‘சேவ்’, ‘டெலீட்’, ‘பிரின்ட்’ என்ற ஆங்கிலச் சொற்கள் அதில் தாராளமாக உட்கார்ந்தன. விஷுவல் பேசிக்கின் சொந்தப் பெட்டிகளுக்கு, எல்லா மொழிகளுக்கும் பொதுவான குறியீடாகிய யூனிகோடு எழுத்தைக் காட்டத் தெரியாது. தமிழ் வேண்டுமென்றால் 1999இல் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்ட டேப் போன்ற எட்டு பிட் குறியீட்டு எழுத்துருக்களைத்தான் நாட வேண்டியிருந்தது. பிறகு மைக்ரோசாஃப்டின் அடுத்த நிரலாக்கத் தளமான டாட் நெட்டுக்கு மாறியபோது, யூனிகோடு கைக்கு வந்த மகிழ்ச்சியில், பழைய ஃபார்மில் இருந்த எண்களை அப்படியே பெயர்த்துக் கொண்டுவந்து, மேலே எழுதியிருந்த சொற்களை மட்டும் தமிழாக்கினேன். ஒரு பொத்தானில் ‘எடைச் சீட்டு சேமி’, அதற்குப் பக்கத்துப் பொத்தானில் ‘எடைச் சீட்டு நீக்கு’. என் திரையில் இரண்டும் விளிம்பைத் தொட்டபடி ஒருவாறு அடங்கின. அதைப் பார்த்ததும் வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டேன்.

மண்டியில் இருந்தது விண்டோஸ் எக்ஸ்பி கணினி. கணக்குப்பிள்ளைக்கு வயது அறுபதைக் கடந்திருந்ததால், யாரோ அதில் பெரிய எழுத்து என்னும் அமைப்பைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்திருந்தார்கள். அப்படிச் செய்தால், அங்குலத்துக்கு 96 பிக்சல் என்று கொண்டிருந்த கணக்கு 120 பிக்சலாக மாறும். எழுத்து பாயின்ட் என்னும் அலகில் அளக்கப்படுவதால் அது கால்பங்கு பெருத்துவிடும். நான் நட்டு வைத்த பொத்தானோ பிக்சல் கணக்கில் இருந்ததால் அதே 100 பிக்சலில் நின்றது. இடம் போதாதபோது டாட் நெட்டின் பொத்தான், சொல்லை மடக்கி அடுத்த வரிக்குத் தள்ளும். அடுத்த வரிக்கு உயரம் இல்லையென்றால் அது கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும். ஆகவே ‘சேமி’யும் ‘நீக்கு’வும் கீழே மறைந்து, இரண்டு பொத்தான்களிலும் ‘எடைச் சீட்டு’ என்பது மட்டும் அச்சடித்தாற்போல் ஒரே மாதிரி நின்றது. ஏலம் முடிந்து மூட்டைகள் எடை மேடைக்கு வரும் நேரத்தில் அவரிடமிருந்து அழைப்பு வந்தது. “ஏனுங் தம்பி, ரெண்டுலயும் எடைச் சீட்டுன்னுதானுங்க போட்டிருக்குது, எதை அமுக்கறதுங்க?” என்று கேட்டார். அவர் கேட்பதற்கு முன்பே ஒரு விவசாயியின் பதினெட்டு மூட்டைச் சீட்டு அழிந்து போயிருந்தது. கையால் எழுதிய நோட்டு ஒன்று பக்கத்தில் இருந்ததால் கணக்கு மீண்டது. அவர் பிழையாக எதையும் அமுக்கவில்லை. என் பொத்தான்தான் அவருக்குப் பாதிச் சொல்லைக் காட்டியது.

இந்தத் தவறு அகலத்தோடு முடிவதில்லை, உயரத்திலும் வரும் என்பதைத் தமிழில் நிரல் எழுதுகிறவர்கள் மனத்தில் கொள்ள வேண்டும். ஆங்கில எழுத்துக்கென்று அளந்து வைத்த ஒரு வரிப் பெட்டியில் தமிழை இட்டால், முதலில் வெட்டுப்படுவது தலைப்பகுதி. புள்ளி அங்கேதான் இருக்கிறது. ‘கல்’ என்பது ‘கல’ என்று நிற்கும், ‘மண்’ என்பது ‘மண’ என்று நிற்கும். ‘விடு’ என்பதும் ‘வீடு’ என்பதும் தலைக்கு மேலே உள்ள ஒரு சிறு சுழியில்தான் வேறுபடுகின்றன. அந்தச் சுழி வெட்டுப்பட்டால் எது குறில், எது நெடில் என்று யாராலும் சொல்ல முடியாது. அடிப்பகுதி வெட்டுப்பட்டால் உகரக் குறிகள் போய்விடும். ஆங்கிலத்தில் ஒரு சொல்லின் தலை சற்றுத் தேய்ந்தாலும் ஊகித்துப் படித்துவிடலாம். நம் எழுத்தில் ஒரு பிக்சல் குறைந்தாலே பொருள் மாறிவிடும். சொல்லின் நீளத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ‘பேக்ஸ்’ என்று ஆங்கிலத்தில் நான்கு எழுத்தில் முடிந்த தலைப்பை ‘மூட்டைகளின் எண்ணிக்கை’ என்று எழுத வேண்டியிருக்கிறது. அதைச் சுருக்கி ‘மூ. எண்.’ என்று போடும் வழக்கம் பல நிரல்களில் உண்டு. படிக்கிறவருக்கு அது தமிழும் இல்லை, வேறெந்த மொழியும் இல்லை. பெட்டிக்குத் தக்கபடி சொல்லை வெட்டுவது வழக்கமாகிவிட்டதைக் காணும்போது உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது.

இதற்குத் தீர்வு புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய ஒன்று அன்று. 1980களின் இறுதியில் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜான் ஊஸ்டர்ஹவுட் உருவாக்கிய, சாளரங்களைக் கட்ட உதவும் டி.கே. கருவித்தொகுதியில் பேக் என்னும் முறை இருந்தது. பொத்தானை எந்தப் பக்கமாக அடுக்க வேண்டும் என்று மட்டும் சொன்னால், எத்தனை பிக்சல் என்பதை அதுவே கணக்கிட்டுக்கொள்ளும். 1996இல் ஜாவா நிரல்மொழி வெளிவந்தபோது, பொத்தான்களையும் பெட்டிகளையும் தாமே அடுக்கிக் கொடுக்கும் லேஅவுட் மேலாளர்களும் அதனுடன் வந்தன. அதற்குக் காரணம் மிக எளியது: ஒரே நிரல் விண்டோஸிலும் சோலாரிஸிலும் மெக்கின்டாஷிலும் ஓட வேண்டும், ஒவ்வொன்றிலும் பொத்தானின் அளவு வேறு, எழுத்துருவின் அளவு வேறு. எண்ணை நட்டு வைத்தால் ஓரிடத்தில் சரியாக இருப்பது மற்றோர் இடத்தில் உடைந்துவிடும். கியூட் கருவித்தொகுதியில் ஒவ்வொரு உறுப்பும் தனக்கு விருப்பமான அளவையும், இதற்குக் கீழே குறைக்கக் கூடாது என்னும் குறைந்த அளவையும் தானே அறிவிக்கிறது. ஆப்பிள் நிறுவனம் 2011இல் மேக் ஓஎஸ் லயனில் கொண்டுவந்த ஆட்டோ லேஅவுட், ‘இதன் இடது விளிம்பு அதன் வலது விளிம்பிலிருந்து இவ்வளவு தள்ளி’ என்பது போன்ற உறவுகளைச் சமன்பாடுகளாக எடுத்துக்கொண்டு தீர்க்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் உருவான கசோவரி என்னும் தீர்வுமுறைதான் அதன் அடிப்படை.

இவை அனைத்தும் செய்வது ஒன்றுதான். முதலில் உள்ளிருந்து வெளியே கேட்டுக்கொண்டு வருகின்றன. எழுத்து தனக்கு இவ்வளவு வேண்டும் என்கிறது. அதைச் சுற்றியுள்ள பொத்தான் ஓரத்து இடைவெளியைச் சேர்த்துக் கேட்கிறது. பொத்தான்களை வைத்திருக்கும் வரிசை அவற்றின் கூட்டுத்தொகையைக் கேட்கிறது. இப்படியே சாளரம் வரைக்கும் போகிறது. பிறகு சாளரத்துக்குக் கிடைத்த இடம் வெளியிலிருந்து உள்ளே பங்கிடப்படுகிறது. பந்தியில் வந்திருப்பவர்களை எண்ணிப் பார்த்துவிட்டு இலை போடுவது போன்ற வேலை இது. மிச்சமிருக்கும் இடம் யாருக்குப் போக வேண்டும் என்பதை மட்டும் நிரலாளர் சொன்னால் போதும்: பெயர் எழுதும் பெட்டி நீளட்டும், பொத்தான் தன் அளவில் நிற்கட்டும், பட்டியல் கீழ்நோக்கி வளரட்டும். இந்த மூன்று முடிவுகளும் நிரலைப் பயன்படுத்துகிறவரின் வேலையை அறிந்தவர் மட்டுமே எடுக்கக் கூடியவை. பிக்சல் கணக்கைக் கணினியிடம் விட்டுவிட்டு மனிதர் சிந்திக்க வேண்டிய இடம் இதுதான்.

மாணவர்கள் ஏன் இந்த வழிக்கு வருவதில்லை என்பதையும் பார்த்திருக்கிறேன். ஜாவாவின் ஸ்விங் கருவித்தொகுதியில், கட்டம் கட்டமாக அடுக்கும் கிரிட்பேக் லேஅவுட்டை முதன்முறை பயன்படுத்துகிற மாணவர், நான்கு பெட்டிகளை வைத்து ஓட்டிப் பார்ப்பார். நான்கும் சாளரத்தின் நடுவில் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு குவிந்து கிடக்கும். உண்மையில் பிழை எதுவும் இல்லை. மிச்ச இடத்தில் இந்தப் பெட்டிக்கு என்ன பங்கு என்பதைச் சொல்லும் வெயிட்எக்ஸ், வெயிட்ஒய் ஆகிய இரண்டு மதிப்புகளும் சொல்லாவிட்டால் சுழியம் என்றே கொள்ளப்படும். யாருக்கும் பங்கு இல்லாதபோது மிச்ச இடம் முழுவதும் நான்கு ஓரங்களுக்கும் போய், பெட்டிகள் நடுவில் ஒடுங்கும். பெயர்ப்பெட்டிக்கு அந்த மதிப்பை 1 என்று கொடுத்து, ஃபில் என்னும் அமைப்பில் கிடைமட்டமாக நிரப்பச் சொன்னால், அது வலப்பக்கம் வரை நீண்டு நிற்கும். இந்த ஒரு வரியை ஆய்வகத்தில் யாரும் சொல்லித் தராததால், மாணவர் மனம் வெறுத்து லேஅவுட்டே வேண்டாம் என்று, ‘எதுவும் இல்லை’ எனப் பொருள்படும் நல் (null) மதிப்பைக் கொடுத்துவிட்டு, ஒவ்வொன்றுக்கும் நான்கு எண்களை நட்டுவிடுகிறார். பைத்தான் நிரல்மொழியில் டி.கே.யைப் பயன்படுத்தத் தரும் டிகின்டரில் எழுதுகிறவர்கள், இடத்தை எண்ணால் நட்டு வைக்கும் பிளேஸ் முறைக்குப் போவதும் இதே காரணத்தால்தான். அங்கே அகலத்தைச் சொல்லாவிட்டால் பொத்தான் தன் எழுத்துக்கேற்ப விரிந்துகொள்ளும், ஆனால் பக்கத்துப் பொத்தான் நகர்ந்து கொடுக்காது. தமிழாக்கியவுடன் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நிற்கும்.

இனி உருவத்துக்கு வருகிறேன். சாளரம் என்றால் நாற்கரமாகத்தான் இருக்க வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. 1985இல் வந்த விண்டோஸின் முதல் பதிப்பில் நிரல்களின் சாளரங்கள் ஒன்றையொன்று மறைக்காமல் தரையோடு போல் பக்கம் பக்கமாகத்தான் நின்றன. 1987இல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் ஒன்றன் மேல் ஒன்று ஏறத் தொடங்கின. யூனிக்ஸ் கணினிகளில் எக்ஸ் விண்டோ அமைப்புக்கு 1989இல் கீத் பேக்கார்ட் எழுதிய ஷேப் என்னும் விரிவாக்கம், சாளரத்தை எந்த உருவத்திலும் வெட்டும் வசதியைத் தந்தது. சுட்டியைப் பின்தொடரும் இரண்டு கண்களைக் காட்டும் எக்ஸ்ஐஸ் நிரலும், வட்ட வடிவக் கடிகாரமும் அதைக் கொண்டுதான் நிற்கின்றன. விண்டோஸிலும் ரீஜன் என்று ஒரு பரப்பை வரைந்து சாளரத்துக்குக் கொடுத்தால், அந்தப் பரப்புக்கு வெளியே உள்ளது வரையப்படாது. அங்கே சுட்டியால் அமுக்கினால் பின்னால் இருக்கும் சாளரத்துக்குப் போய்விடும். ஆனால் ரீஜனில் ஒரு புள்ளி உள்ளே இருக்கும், அல்லது வெளியே இருக்கும், இடைநிலை கிடையாது. அதனால் வட்டத்தின் விளிம்பு படிக்கட்டு போல் தெரியும். 2000இல் வந்த விண்டோஸ் 2000, லேயர்டு விண்டோ என்பதைத் தந்தது. அதில் ஒவ்வொரு பிக்சலும் 0 முதல் 255 வரை எவ்வளவு ஊடுருவித் தெரிய வேண்டும் என்று சொல்லலாம் என்பதால் விளிம்பு மழமழவென்று ஆனது. ஜாவாவில் இந்த வசதி 2011இல் வந்த ஏழாம் பதிப்பில் முறையாகச் சேர்ந்தது. 1997இல் வந்த வினாம்ப் பாட்டு நிரலும், அதன் தோற்றத்தை மாற்ற இரசிகர்கள் செய்த ‘தோல்கள்’ என்னும் எண்ணற்ற மேலுறைகளும் அக்காலத்து இளைஞர்களை எவ்வளவு ஈர்த்தன என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அந்த ஈர்ப்பு தவறானது அன்று; என்னை நிரலாக்கத்துக்கு அழைத்து வந்ததில் அதற்கும் பங்கு உண்டு.

ஆயினும் உருவத்துக்கு ஒரு விலை இருக்கிறது. 400 பிக்சல் விட்டம் கொண்ட வட்டச் சாளரத்துக்குள் அடங்கும் மிகப் பெரிய சதுரத்தின் பக்கம் 282 பிக்சல்தான். அதாவது 400க்கு 400 என்ற சதுரச் சாளரத்தில் கிடைத்திருக்கும் இடத்தில் பாதிதான் பொத்தான்களையும் பெட்டிகளையும் நேராக அடுக்குவதற்கு மிஞ்சுகிறது. எந்த லேஅவுட் மேலாளரும் வட்டத்தை அறியாது. அது நாற்கரத்தைத்தான் பங்கிடும். வட்டத்தின் விளிம்பு எங்கே வெட்டுகிறது என்பதை நிரலாளரே கணக்கிட்டு, ஓரத்து இடைவெளியாகச் சொல்லிவைக்க வேண்டும். ஏற்கெனவே இடம் போதாமல் தவிக்கும் தமிழ்ச் சொற்களுக்கு இதைவிடக் கடினமான வீடு வேறில்லை.

சில ஆண்டுகளுக்கு முன்பு ஒரு கல்லூரியில் ஒரு மாணவி தாமரை வடிவச் சாளரத்தோடு ஒரு நூலக நிரலைக் காட்டினார். இதழ் இதழாக வளைவுகளை வரைந்து, அவற்றை இணைத்து ஒரு பாதையாக்கி, அதை ஃபார்மின் ரீஜனாகக் கொடுத்திருந்தார். அதற்குப் பின்னால் இருந்த கணிதத்தைக் கண்டு மனதாரப் பாராட்டினேன். ஆனால் அவருடைய மடிக்கணினியில் அழகாக நின்ற தாமரை, 150 விழுக்காடு பெரிதாக்கம் வைத்திருந்த ஆய்வகக் கணினியில் திறந்தபோது சிதைந்துவிட்டது. திரையின் பெரிதாக்க அளவைத் தானே கவனித்துக்கொள்வதாக அந்த நிரல் விண்டோஸிடம் அறிவித்திருந்தது. ஆகவே பொத்தான்களும் எழுத்தும் ஒன்றரை மடங்கு வளர்ந்தன. ரீஜன் மட்டும் எழுதி வைத்த பிக்சல் எண்களிலேயே நின்றது. வலப்பக்கத்து இதழிலும் கீழ் இதழிலும் இருந்த பொத்தான்கள் உருவத்துக்கு வெளியே போய் மறைந்துவிட்டன. ‘நூலைத் திருப்பு’ என்னும் பொத்தானை எங்கே தேடுவது என்று யாருக்கும் தெரியவில்லை. சாளரத்தின் அளவு மாறும் ஒவ்வொரு முறையும், அப்போதைய அகலத்தையும் உயரத்தையும் கொண்டு பாதையை மறுபடி வரைந்து ரீஜனைப் புதுப்பிக்க வேண்டும் என்று சொன்னபோது, அவர் பத்து நிமிடத்தில் அதைச் செய்துவிட்டார். திறமைக்குக் குறைவே இல்லை. அந்தப் பாடம் அவருக்கு அதுவரை யாராலும் சொல்லப்படவில்லை, அவ்வளவுதான்.

உருவம் மாற்றும்போது இன்னொன்றும் போகிறது. சாளரத்தைச் சுற்றியுள்ள வழக்கமான சட்டகத்தை எடுத்துவிட்டால் தலைப்புப் பட்டை போய்விடும். அதோடு சாளரத்தைப் பிடித்து நகர்த்தும் வசதியும், விளிம்பை இழுத்துப் பெரிதாக்கும் வசதியும், மூடுவதற்கும் ஒடுக்குவதற்கும் உரிய பொத்தான்களும் போய்விடும். அவை ஒவ்வொன்றையும் நிரலாளர் தாமே திரும்பக் கட்ட வேண்டும். சுட்டி எந்த இடத்தில் இருக்கிறது என்று விண்டோஸ் கேட்கும்போது ‘இது தலைப்புப் பட்டை’ என்று பதில் சொன்னால்தான் அந்த இடத்தைப் பிடித்துச் சாளரத்தை இழுக்க முடியும். விண்டோஸ் 11இல் பெரிதாக்கும் பொத்தானின் மேல் சுட்டியைக் கொண்டுபோனால் திரையைப் பங்கிடும் வரைபடங்கள் தோன்றுமே, அவை சொந்தமாக வரைந்த பட்டையில் தோன்றுவதற்கும் ‘இது பெரிதாக்கும் பொத்தான்’ என்று அதே முறையில் பதில் சொல்ல வேண்டும். சாதாரணச் சாளரங்களுக்கு அந்தப் பதிப்பு தானாகவே மூலைகளை வளைத்துக் கொடுக்கிறது. ரீஜன் வெட்டிய சாளரத்துக்குக் கொடுப்பதில்லை. லினக்ஸில் எக்ஸ் விண்டோ அமைப்பின் இடத்துக்கு வேலண்ட் என்னும் புதிய அமைப்பு வந்த பிறகு, சாதாரணச் சாளரம் திரையில் தான் எந்த இடத்தில் நிற்க வேண்டும் என்று சொல்லிக்கொள்ளவே முடியாது. ஊடுருவும் பிக்சல்களால் உருவத்தை வரையலாம், அமுக்குவதை எந்தப் பகுதியில் ஏற்பது என்று தனியாகச் சொல்லலாம், நகர்த்துவதற்கோ திரையை ஆளும் நிரலிடம் கேட்டுப் பெற வேண்டும். கியூட்டின் 5.15ஆம் பதிப்பில் இதற்கென்றே ஓர் அழைப்பைச் சேர்த்திருக்கிறார்கள். நான் சொன்ன கணக்குப்பிள்ளைக்கு மூடும் பெருக்கல் குறி வலது மேல் மூலையில் இருக்கும் என்பது மட்டும்தான் கணினியைப் பற்றி உறுதியாகத் தெரிந்த செய்தி. அதை எடுத்துவிட்டு, அதற்கு ஈடாகத் தாமரையைக் கொடுப்பது அவருக்கு உதவி ஆகாது.

இதனால் உருவமே வேண்டாம் என்று நான் சொல்ல வரவில்லை. மேசைத்திரையில் நிற்கும் கடிகாரம், தொடங்கும்போது ஒரு கணம் தோன்றி மறையும் முகப்புப் படம், திரையில் எதையாவது அளக்கும் அளவுகோல், சுட்டியால் அமுக்கித் தமிழ் தட்டச்சும் மிதக்கும் விசைப்பலகை ஆகியவற்றுக்கு உருவம் பொருந்தும். அவற்றில் எழுத்து குறைவு, அல்லது நிலையானது. அவற்றை யாரும் இழுத்துப் பெரிதாக்கிப் பட்டியல் படிப்பதில்லை. நாள் முழுக்க உட்கார்ந்து கணக்கு எழுதும் சாளரத்துக்கு நாற்கரம் போதும் என்பதே என் கருத்து. அழகு வேண்டுமென்றால், ஓரத்து இடைவெளியைச் சீராக வைப்பதிலும், தலைப்புகளின் வலது விளிம்பை ஒரே கோட்டில் நிறுத்துவதிலும், ஆபத்தான பொத்தானை மற்றவற்றிலிருந்து தள்ளி வைப்பதிலும் இருக்கும் அழகைத் தேடலாம். இவை எல்லாமே லேஅவுட் செய்து தரும் வேலைகள்.

கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு என் வேண்டுகோள் இது. மாணவர் ஃபார்மை உருவாக்கிக் கொண்டுவந்தால், மதிப்பெண் போடுவதற்கு முன்பு அதன் விளிம்பைப் பிடித்து இரண்டு மடங்காக இழுத்துப் பாருங்கள். பிறகு பாதியாகச் சுருக்குங்கள். திரையின் பெரிதாக்கத்தை 150 விழுக்காட்டுக்கு மாற்றித் திரும்ப ஓட்டச் சொல்லுங்கள். மூன்றாவதாக, ஆங்கிலத் தலைப்புகளை நீக்கிவிட்டு, சுருக்காத முழுத் தமிழ்ச் சொற்களை இட்டு ஓட்டச் சொல்லுங்கள். இதற்குக் கால் மணி நேரம் போதும். எண்ணை நட்டு வைத்த நிரல் இந்த மூன்றில் ஒன்றிலாவது உடைந்துவிடும். அப்போது எதற்காக லேஅவுட் என்று விளக்குவதற்கு வேறு பாடமே தேவைப்படாது. கிரிட்பேக்கோ, கியூட்டின் கட்ட அமைப்போ, டாட் நெட்டின் 2.0 பதிப்பிலிருந்து இருந்துவரும் டேபிள் லேஅவுட்டோ, எதைக் கற்பித்தாலும் சரிதான். அடிப்படை ஒன்றாக இருப்பதால் ஒன்றைப் புரிந்துகொண்ட மாணவர் மற்றதை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்வார்.

வாங்குகிற பொறுப்பில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். தமிழ் முகப்பு வேண்டும் என்று ஒப்பந்தப்புள்ளியில் ஒரு வரி எழுதினால், பழைய பெட்டிகளின் மேல் தமிழைத் தெளித்துக் கொடுப்பதும் அந்த வரிக்குப் பொருந்திவிடும். அத்துடன், 100, 125, 150 விழுக்காடு பெரிதாக்கங்களில் எந்தச் சொல்லும் வெட்டுப்படாமலும் மறையாமலும் இருக்க வேண்டும், சுருக்கெழுத்து இல்லாமல் முழுச் சொற்களே இடம்பெற வேண்டும், விசைப்பலகையால் மட்டுமே எல்லாப் பொத்தான்களையும் அடைய முடிய வேண்டும் என்று சேர்த்து எழுதுங்கள். பெற்றுக்கொள்ளும் நாளில், அந்த நிரலைத் தினமும் பயன்படுத்தப்போகிற எழுத்தரையே உட்காரவைத்து, அவருடைய கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

அந்த மண்டியின் நிரலை நான் பிறகு முழுவதுமாக மாற்றி எழுதினேன். பிக்சல் எண் என்று அதில் இப்போது ஒன்றுகூட இல்லை. ஒவ்வொரு பொத்தானும் தன் எழுத்தை அளந்துகொண்டு நிற்கிறது. சேமிக்கும் பொத்தான் வலப்பக்கக் கீழ் மூலையில் இருக்கிறது. நீக்கும் பொத்தானை இடது ஓரத்துக்குக் கொண்டுபோய், இரண்டுக்கும் நடுவே இருக்கிற மிச்ச இடம் முழுவதையும் ஒரு வெற்று நெடுவரிசைக்குக் கொடுத்துவிட்டேன். சாளரத்தை எவ்வளவு பெரிதாக்கினாலும் அவை இரண்டும் அவ்வளவுக்கு விலகிப்போகும். கணக்குப்பிள்ளை ஓய்வு பெற்றுவிட்டார். அவர் இடத்துக்கு வந்திருக்கும் அவருடைய மருமகன் எழுத்தை இன்னும் பெரிதாக வைத்துக்கொண்டுதான் வேலை செய்கிறார். ‘எடைச் சீட்டு நீக்கு’ என்பது முழுதாகத் தெரிகிறது.

நன்றி.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
மேசைக்கணினி நிரலாளர்,
ஈரோடு.